மின்சாரக் காருக்கு யார் விலை கொடுப்பது? தேவையின் பொருளியலும் நம் ஊர்க் கணக்கும்

விருப்பம் வேறு, தேவை வேறு. பொருளியல் பாடத்தின் முதல் வாரத்திலேயே விரிவுரையாளர்கள் வலியுறுத்தும் கருத்து இது. ஒரு பொருள் வேண்டும் என்று மனம் நினைப்பது விருப்பம். அதை வாங்கும் சக்தியும், அந்த விலையைக் கொடுக்கும் சம்மதமும் சேர்ந்தால்தான் அது தேவை. சந்தை தேவையை மட்டுமே எண்ணிக் கொள்ளும். விருப்பத்தைக் கணக்கில் எடுக்காது.

இன்று மின்சாரக் காரைப் பற்றிப் பேசாதவர் இல்லை. நான் பிறந்து வளர்ந்த கலும்பாங்கிலும் காப்பிக் கடையில் இதே பேச்சுதான். அதற்குக் காரணமும் உண்டு. சிலாங்கூரின் வட எல்லையில் இருக்கும் எங்கள் ஊருக்கு அருகே ஓடும் பெர்ணம் ஆற்றைக் கடந்தால் பேராக் மாநிலத்தின் தஞ்சோங் மாலிம். புரோட்டோன் நிறுவனத்தின் மின்சாரக் கார் தொழிற்சாலை 2025ஆம் ஆண்டு செப்டம்பரில் அங்கேதான் திறக்கப்பட்டது. தெற்கே போனால் ரவாங்கில் பெரோடுவா. இரண்டு தேசியக் கார் நிறுவனங்களுக்கும் இடையே வாழும் நம்மவர்கள், இந்தப் புதிய காரை வாங்கப் போகிறவர்களா, செய்யப் போகிறவர்களா, அல்லது வேடிக்கை பார்க்கப் போகிறவர்களா? இக்கேள்விக்கு விடை காண, தேவையைத் தீர்மானிக்கும் காரணிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, தேசிய இடைநிலைப் பள்ளியில் தொடர்ந்து, இன்று மலாயிலும் ஆங்கிலத்திலும் பொருளியல் படிக்கும் மாணவன் நான். வகுப்பில் கற்றதை வீட்டில் அப்பாவுக்குத் தமிழில் விளக்க முயன்றதே இக்கட்டுரைக்கு வித்து.

1. காரும் நம் வரலாறும்

காருக்கான தேவை நமக்குப் புதிய பாடம் அல்ல. 1908ஆம் ஆண்டு ஃபோர்டு நிறுவனம் 'மாடல் டி' காரை வெளியிட்டது. கார் மலிந்தது, டயருக்கான தேவை பெருகியது. 1910ஆம் ஆண்டில் ரப்பர் விலை உச்சத்தைத் தொட்டது. மலாயாவில் காடுகள் அழிந்து பால்மரத் தோட்டங்கள் ஆயின. அந்தத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. நம் கொள்ளுத்தாத்தாக்கள் கப்பல் ஏறினார்கள்.

பொருளியலில் இதற்கு 'வழித்தேவை' என்று பெயர் சொல்லலாம். ஒரு பொருளுக்கான தேவை இன்னொன்றின் தேவையிலிருந்து பிறப்பதே வழித்தேவை. அமெரிக்காவில் கார் கேட்டவர் டயர் கேட்டார். டயர் கேட்டவர் ரப்பர் கேட்டார். ரப்பர் கேட்டவர் தமிழனின் உழைப்பைக் கேட்டார்.

ஏற்றத்தில் அழைத்த தேவை, இறக்கத்தில் துரத்தவும் செய்தது. 1930ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது கார் விற்பனை சரிந்தது, ரப்பர் விலை வீழ்ந்தது. இலட்சத்துக்கும் மேற்பட்ட தென்னிந்தியத் தொழிலாளர்கள் மலாயாவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டனர். மரத்தைச் சீவியவருக்கு, தன் வேலை எங்கோ ஒருவர் கார் வாங்கும் முடிவைத் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பது தெரிந்திருக்க வழியில்லை. நமக்குத் தெரிந்துகொள்ள வழியிருக்கிறது. அதனால்தான் இந்தப் பாடம் அவசியமாகிறது.

2. முதல் காரணி: பொருளின் சொந்த விலை

மின்சாரக் காரின் விலையில் பெரும் பங்கு பேட்டரியினுடையது. 2010ஆம் ஆண்டில் பேட்டரியின் விலை, ஒரு கிலோவாட் மணி கொள்ளளவுக்கு ஆயிரம் அமெரிக்க டாலருக்கும் மேல். 2024ஆம் ஆண்டில் உலகச் சராசரி 115 டாலர். 30 கிலோவாட் மணி கொள்ளளவுள்ள சிறிய பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று அதன் விலை மட்டும் 30,000 டாலரைத் தாண்டும். 2024ஆம் ஆண்டின் கணக்கில் 3,450 டாலர். மின்சாரக் கார் திடீரென எல்லார் வாயிலும் அடிபடுவதற்கு இந்த வீழ்ச்சியே முதற்காரணம்.

இரண்டாவது, வரி. மலேசியாவில் 2022ஆம் ஆண்டு முதல் மின்சாரக் கார்களுக்கு இறக்குமதி வரி, கலால் வரி, விற்பனை வரி ஆகியவற்றிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. முழுமையாகக் கட்டப்பட்டு வெளிநாட்டிலிருந்து வருபவற்றுக்கு அந்த விலக்கு 2025 இறுதியோடு முடிந்தது. உள்நாட்டில் பூட்டப்படுபவற்றுக்கு 2027 இறுதி வரை கெடு உண்டு. சாலை வரி விலக்கும் 2025 இறுதியோடு நின்றது; 2026 முதல் மோட்டாரின் திறனைப் பொறுத்துப் புதிய சாலை வரி வந்தது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. வரி விலக்கு இருந்த அந்தக் காலத்தில், இறக்குமதியாகும் மின்சாரக் கார் 100,000 ரிங்கிட்டுக்குக் குறைவாக விற்கப்படக் கூடாது என்ற விதியும் 2025 இறுதி வரை இருந்தது. உள்நாட்டு நிறுவனங்களைக் காப்பது இதன் நோக்கம். விளைவு என்ன? அரசு விட்டுக்கொடுத்த வரியின் பயன், இலட்ச ரிங்கிட் காரை வாங்க முடிந்தவருக்கே போய்ச் சேர்ந்தது. மாதம் மூவாயிரம் சம்பளக்காரருக்கு அதில் ஒரு காசும் பங்கில்லை. சலுகை என்ற சொல்லைக் கேட்டவுடன் கைதட்டாமல், அது எந்த வருமானக்காரருக்குப் போகிறது என்று கேட்பதே பொருளியல் மாணவரின் கடமை.

பின்னர் நிலை மாறத் தொடங்கியது. புரோட்டோன் 2024 டிசம்பரில் இ.மாஸ் 7 காரை 109,800 ரிங்கிட் தொடக்க விலையில் வெளியிட்டது. 2025 அக்டோபரில் வந்த இ.மாஸ் 5, 59,800 ரிங்கிட்டில் தொடங்கியது. பாதிக்குச் சற்றே மேற்பட்ட விலை! சந்தை கீழே இறங்கி வரும்போதுதான் நம் ஊர்க்காரரின் விருப்பம் தேவையாக மாறும் வாய்ப்பு பிறக்கிறது.

3. இரண்டாம் காரணி: மாற்றுப் பொருளின் விலை

தேநீர் விலை ஏறினால் காப்பி அதிகம் விற்கும். பெட்ரோல் கார் மின்சாரக் காரின் மாற்றுப் பொருள். எனவே பெட்ரோல் விலையைப் பார்க்காமல் மின்சாரக் காரின் தேவையைப் பேச முடியாது.

நம் நாட்டில் பெட்ரோல் மானியம் நெடுங்காலமாக உண்டு. 2025 செப்டம்பர் 30 முதல் 'புடி 95' திட்டத்தின் கீழ், தகுதியுள்ள மலேசியர்களுக்கு மாதம் 300 லிட்டர் வரை ரோன் 95 பெட்ரோல் லிட்டருக்கு 1 ரிங்கிட் 99 காசு என்று அறிவிக்கப்பட்டது. மானியமில்லாத விலை அப்போது 2 ரிங்கிட் 60 காசு. மின்சாரக் கட்டணமோ, 2025 ஜூலையில் தீபகற்ப மலேசியாவில் மாற்றியமைக்கப்பட்டபின், வீட்டுப் பயனீட்டாளருக்கு எல்லாக் கூறுகளும் சேர்ந்து யூனிட்டுக்கு ஏறத்தாழ 44 காசு.

எங்கள் வீட்டையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். அப்பா வேலைக்குப் போய்வர நாளொன்றுக்கு 60 கிலோமீட்டர்; மாதம் 25 நாள்; ஆக 1,500 கிலோமீட்டர். எங்கள் ஊரைக் கடந்து போகும் கொமுட்டர் ரயில் கலும்பாங்கில் நிற்பதில்லை என்பதால், சொந்த வண்டி இல்லாமல் காலம் தள்ளுவது கடினம். பழைய கார் அதன் கடைசிக் காலத்தில் இருக்கிறது. அடுத்தது எது என்பதே வீட்டில் விவாதம்.

சிறிய பெட்ரோல் கார் நூறு கிலோமீட்டருக்கு 6 லிட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 90 லிட்டர். மானிய விலையில் 179 ரிங்கிட். மானியமில்லாவிட்டால் 234 ரிங்கிட்.

சிறிய மின்சாரக் கார், மின்னேற்றும்போது வீணாவதையும் சேர்த்து, நூறு கிலோமீட்டருக்கு 15 யூனிட் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 225 யூனிட். வீட்டில் ஏற்றினால் சுமார் 100 ரிங்கிட்.

ஆக மாதச் சேமிப்பு, மானியத்துடன் 79 ரிங்கிட். மானியமில்லாமல் 134 ரிங்கிட். பராமரிப்பில் ஆண்டுக்கு 400 ரிங்கிட் மிச்சம் என்றும் சேர்ப்போம். மின்சாரக் காருக்கு எஞ்சின் எண்ணெய் மாற்றும் வேலை இல்லை அல்லவா? அப்படியானால் ஆண்டுச் சேமிப்பு முறையே 1,348 ரிங்கிட், 2,008 ரிங்கிட்.

இனி விலை வேறுபாட்டுக்கு வருவோம். பெரோடுவா அக்சியாவின் புதிய வடிவம் 2023ஆம் ஆண்டில் 38,600 ரிங்கிட்டில் தொடங்கியது. இ.மாஸ் 5 காரோடு ஒப்பிட்டால் 21,200 ரிங்கிட் வித்தியாசம். இதைச் சேமிப்பால் ஈடுகட்ட, மானிய விலையில் ஏறத்தாழ 16 ஆண்டுகள். மானியமில்லாவிட்டால் பத்தரை ஆண்டுகள். இதை அப்பாவிடம் காட்டினேன். "பதினாறு வருசமா? அதுக்குள்ள உன் பிள்ளைக்குக் கார் வாங்கற வயசு வந்துரும்டா" என்றார்.

ஆனால் சுமார் 60,000 ரிங்கிட்டுக்கு உயர்ரக மைவி வாங்க எண்ணியிருந்தவருக்கு விலை வேறுபாடே இல்லை. முதல் மாதத்திலிருந்தே சேமிப்புதான். ஒரே கார், ஒரே விலை. ஆயினும் ஒருவருக்கு இலாபம், மற்றவருக்கு நட்டம். நீங்கள் எந்தக் காரை விட்டுவிட்டு இதை வாங்குகிறீர்கள் என்பதே கணக்கின் அடித்தளம். வாய்ப்புச் செலவு என்று நாம் படிப்பது இதைத்தான். மலேசியாவில் 2024ஆம் ஆண்டு விற்பனையான 816,747 புதிய வாகனங்களில் பெரோடுவா மட்டும் 358,102 வாகனங்களை விற்றது. அதே ஆண்டில் முழு மின்சாரக் கார்களின் பங்கு நூற்றுக்கு மூன்றைத் தொடவில்லை. பெரும்பாலான மலேசியர்கள் எந்தப் படியில் நின்று கார் வாங்குகிறார்கள் என்பதை இந்த எண்களே சொல்லும்.

4. மூன்றாம் காரணி: துணைப் பொருள்

தேநீருக்குச் சீனி போல, காருக்கு மின்னேற்றி. மேலே போட்ட கணக்கு முழுவதும் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: வீட்டில் ஏற்ற வேண்டும். பொது இடத்து வேக மின்னேற்றிகளில் யூனிட்டுக்கு ஒரு ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கும். 1 ரிங்கிட் 30 காசு என்று வைத்தால், அதே 225 யூனிட்டுக்கு 292 ரிங்கிட் ஆகிறது. மானியமில்லாத பெட்ரோலைவிடவும் அதிகம்!

எனவே மின்சாரக் காரின் சிக்கனம், முன்வாசலில் சொந்தமாகக் கார் நிறுத்தும் இடம் உள்ளவருக்கே கிடைக்கிறது. தாமானில் சொந்தத் தரை வீடு இருந்தால் சரி. அடுக்குமாடியின் ஐந்தாவது மாடியிலோ, தோட்டத்தில் எஞ்சியிருக்கும் லயத்திலோ, வாடகை வீட்டிலோ குடியிருப்பவர் மின்கம்பியை எங்கே இழுப்பார்? ஏழைக்குச் செலவு அதிகம், வசதியுள்ளவனுக்குச் செலவு குறைவு என்ற வினோதம் இங்கே நிகழ்கிறது.

அம்மா கேட்ட கேள்வியும் சரியானதே: "கரண்டு பில்லு எகிறிடாதா?" புதிய கட்டண முறையில், குறைவாகப் பயன்படுத்தும் வீடுகளுக்கு ஊக்கத் தள்ளுபடி உண்டு. பயன்பாடு கூடக்கூட அத்தள்ளுபடி குறைந்து, மாதம் 1,000 யூனிட்டுக்கு மேல் போனால் இல்லாமலே போகும். கார் குடிக்கும் 225 யூனிட் வீட்டின் மொத்தப் பயன்பாட்டை மேல் படிக்குத் தள்ளிவிடும். ஆகவே உண்மையில் கூடும் செலவு 100 ரிங்கிட்டைச் சற்றுத் தாண்டலாம். சராசரிச் செலவைப் பார்க்காதே, இறுதிநிலைச் செலவைப் பார் என்ற பாடத்தை அம்மா பாடநூல் இல்லாமலே கேட்டுவிட்டார்.

பொது மின்னேற்றிகளைப் பொறுத்தவரை, 2025 இறுதிக்குள் 10,000 என்பது அரசின் இலக்கு. 2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அதில் பாதிகூட நிறைவேறியிருக்கவில்லை. கார் இல்லாததால் மின்னேற்றி வைப்பவர் தயங்குகிறார். மின்னேற்றி இல்லாததால் கார் வாங்குபவர் தயங்குகிறார். இத்தகைய முடிச்சில், சிறிய ஊர்கள் கடைசியாகத்தான் அவிழும்.

5. நான்காம் காரணி: எதிர்பார்ப்பு

நாளை விலை குறையும் என்று நினைப்பவர் இன்று வாங்கமாட்டார். பேட்டரி விலை வீழ்ச்சி நல்ல செய்திதான். ஆனால் அதுவே இன்றைய தேவையைத் தள்ளிப்போடுகிறது. புதிய காரின் விலை குறையும்போது பழைய காரின் மறுவிற்பனை மதிப்பும் சேர்ந்து சரியும். நம் குடும்பங்களில் கார் என்பது வெறும் வாகனம் அன்று. அவசரத்துக்கு விற்றுப் பணமாக்கும் சொத்தும் அதுவே. ஆகவே மறுவிற்பனை மதிப்பு நமக்கு மற்றவர்களைவிட முக்கியம்.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். நம் நாட்டில் கார் கடன் ஒன்பது ஆண்டுகள் வரை போகிறது. பேட்டரிக்கான உத்தரவாதம் பொதுவாக எட்டு ஆண்டு அல்லது 160,000 கிலோமீட்டர். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடுபவர் எட்டு ஆண்டில் 144,000 கிலோமீட்டர் ஓடியிருப்பார். உத்தரவாதம் முடிந்த பிறகும் ஓராண்டு தவணை பாக்கி இருக்கும். பேட்டரி எட்டாம் ஆண்டில் செத்துவிடும் என்று இதற்குப் பொருளல்ல. ஆனால் அந்த அபாயம் யார் தலையில் விழுகிறது என்பது தெளிவு.

இந்த அச்சத்தைப் புரிந்துகொண்டே பெரோடுவா வேறு வழியில் போனது. 2025 டிசம்பரில் வெளியான அதன் கியூவி-இ கார், பேட்டரி இல்லாமல் 80,000 ரிங்கிட். பேட்டரிக்கு மாதம் 275 ரிங்கிட் வாடகை, ஒன்பது ஆண்டுகளுக்கு. கூட்டிப் பார்த்தால் வாடகை மட்டும் 29,700. மொத்தம் 109,700 ரிங்கிட். பேட்டரி பற்றிய கவலை நிறுவனத்தின் பக்கம் போகிறது. அந்த நிம்மதிக்கு வாங்குபவர் மாதாமாதம் விலை கொடுக்கிறார். ஆனால் நம் கணக்கில் பெட்ரோல் மிச்சம் மாதம் 79 ரிங்கிட். பேட்டரி வாடகை 275. மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடுபவருக்கு எரிபொருள் சேமிப்பு அந்த வாடகையை ஈடுசெய்யாது. "எண்ணெய்க் காசு மிச்சம்" என்ற ஒரு வரியை மட்டும் கேட்டுக் கையெழுத்திடுவது ஆபத்து.

6. உலகம் காட்டும் பாடம்

நார்வேயில் 2024ஆம் ஆண்டு விற்ற புதிய கார்களில் நூற்றுக்கு 89 மின்சாரக் கார்கள். அது எண்ணெய் ஏற்றுமதி செய்யும் நாடு! அங்கே பெட்ரோல் காருக்குக் கடும் வரி. மின்சாரக் காருக்கு நெடுங்காலம் விலக்கு. அதாவது மாற்றுப் பொருளின் விலையை ஏற்றினார்கள். நாம் பெட்ரோலுக்கு மானியமும் கொடுத்து மின்சாரக் காருக்கு வரிவிலக்கும் கொடுத்தோம். ஒரு கை முன்னே தள்ள, மறு கை பின்னே இழுத்தது.

ஜெர்மனி 2023 டிசம்பரில் மின்சாரக் காருக்கான உதவித்தொகையைத் திடீரென நிறுத்தியது. 2024ஆம் ஆண்டில் அங்கு விற்பனை நான்கில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்தது. சலுகையால் எழுந்த தேவை சலுகையோடு இறங்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நம் நாட்டில் 2027 இறுதியை வாங்குபவரும் வேலை தேடுபவரும் நினைவில் வைக்க வேண்டியது இதனால்தான்.

இந்தியாவின் பாதை நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே காருக்கு முன்னே இரு சக்கர வண்டிகள் மின்சாரத்துக்கு மாறின. ஓசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் இயங்கும் தொழிற்சாலைகளால் தமிழ்நாடு அதில் முன்னணியில் நிற்கிறது. விலை குறைவு, பேட்டரி சிறிது, வீட்டுச் செருகியிலேயே ஏற்றலாம். நம் தோட்டப்புறங்களிலும் பெரும்பாலோரின் வாகனம் மோட்டார் சைக்கிள்தானே? ஆண்டு வருமானம் 120,000 ரிங்கிட்டுக்கு மேற்படாதவர் மின்சார மோட்டார் சைக்கிள் வாங்க 2,400 ரிங்கிட் கழிவு தரும் திட்டம் நம் நாட்டிலும் 2023 இறுதியில் தொடங்கப்பட்டது. இலட்ச ரிங்கிட் காருக்குக் கொடுத்த வரிவிலக்கைவிட, தொகை சிறிதாயினும் இது நம் மக்களுக்கு நெருக்கமான சலுகை.

7. மீண்டும் வழித்தேவை: வேலை

வாங்குபவராக நாம் பொறுத்திருக்கலாம். உழைப்பவராக அப்படிப் பொறுத்திருக்க முடியாது. தஞ்சோங் மாலிம் மின்சாரக் கார் தொழிற்சாலை ஆண்டுக்கு 20,000 கார்கள் என்ற திறனோடு தொடங்கியது; 45,000 வரை உயர்த்த முடியும். சீனாவின் பிஒய்டி நிறுவனமும் தஞ்சோங் மாலிமில் உள்ள கே.எல்.கே. டெக்பார்க்கில் கார் பூட்டும் ஆலை அமைக்கவிருப்பதாக 2025ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. கே.எல்.கே. என்பது தோட்டத் தொழிலில் வளர்ந்த நிறுவனம் என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காருக்காக ரப்பர் நட்ட தொழில், செம்பனைக்கு மாறி, இன்று காருக்கே இடம் கொடுக்கிறது.

இத்தேவை எத்தகைய உழைப்பைக் கேட்கிறது? மின்சாரக் காரில் எஞ்சின் இல்லை, கியர்பெட்டியின் சிக்கல் இல்லை, புகைக்குழாய் இல்லை. எங்கள் மாமா நடத்தும் வொர்க்‌ஷாப்பின் வருமானத்தில் பெரும்பகுதி எஞ்சின் எண்ணெய், பெல்ட், கார்புரேட்டர் காலத்திலிருந்து தொடரும் பழுதுகள். மறுபுறம், டயரும் பிரேக்கும் சஸ்பென்ஷனும் இருக்கும். மின்சாரக் கார் கனமானது என்பதால் டயர் விரைவில் தேயவும் கூடும். உயர் அழுத்த மின்சாரத்தைப் பாதுகாப்பாகக் கையாளத் தெரிந்தவருக்கும், மென்பொருள் கொண்டு பழுதறிபவருக்கும் மதிப்பு ஏறும். மாமாவிடம் பழகும் பதினெட்டு வயதுப் பையன்கள் இந்தப் பயிற்சியை இப்போதே பெறாவிட்டால், பக்கத்து ஊரில் ஆலை இருந்தும் நமக்கு வாயிற்காவல் வேலையே மிஞ்சும்.

முடிவுரை

மின்சாரக் கார் நல்லதா கெட்டதா என்பது தவறான கேள்வி. யாருக்கு, எந்த விலையில், எந்த வீட்டில், எதற்குப் பதிலாக என்பதே சரியான கேள்வி. விடுமுறைக்கு வீடு திரும்பும் ஒவ்வொரு மாணவரும் தம் குடும்பத்தோடு அமர்ந்து ஐந்து வினாக்களுக்கு விடை எழுதிப் பாருங்கள்.

1. மாதம் உண்மையில் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறோம்?
2. வீட்டில் மின்னேற்ற இடமும் அனுமதியும் உண்டா?
3. இதை வாங்காவிட்டால் எந்தக் காரை வாங்குவோம்?
4. கடன் முடியும் முன் உத்தரவாதம் முடிகிறதா?
5. பெட்ரோல் மானியமோ வரிவிலக்கோ மாறினால் நம் கணக்கு என்ன ஆகும்?

இதற்குப் பட்டம் தேவையில்லை. ஒரு தாளும் பேனாவும் போதும். நூறு ஆண்டுகளுக்கு முன் காரின் தேவை நம்மைக் கேட்காமலே நம் வாழ்வைத் தீர்மானித்தது. இம்முறை கணக்குப் போடத் தெரிந்த ஒரு தலைமுறை நம்மிடம் இருக்கிறது. அந்தக் கணக்கை நம் மொழியில், நம் வீட்டு மேசையில் போட்டுக் காட்டுவோம்.